ஒரு மெய்யியலாளரும் எங்கள் வீட்டுக் கதவும்

புலம்பெயர்ந்து வந்து, வயது பிந்திப் பிரெஞ்சு படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு: வாசித்ததையெல்லாம் வீட்டில் ஒப்பிப்பான். ரொக்ஸ்பரோவிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில், ஒரு பிரெஞ்சுப் பெண்ணிய மெய்யியலாளரின் வாழ்க்கை வரலாற்றை அகராதியும் கையுமாக வாசித்தேன். பின்னேரங்களில் மனைவிக்குப் பிரசங்கம். அந்த அம்மையார் தன்னைப் போலவே சிந்தித்து எழுதிய ஒருவரை ஆயுள் முழுக்க நேசித்தார், கலியாணம் கட்டவில்லை. வேறு காதல்களும் இருந்தன. அந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம்.

மனைவி காதல்களைச் சட்டை செய்யவில்லை.

"ரெண்டுபேரும் ஒரே வீட்டிலயோ இருந்தவை?"

"இல்லை. வேற வேற அறை. தனியத் தனிய இருந்து எழுதுவினம், பேந்து சந்திச்சுக் கதைப்பினம்."

"கெட்டிக்காரி," என்றாள்.

மகள் லொங்குய்யுக்குக் குடிபோனதில் ஓர் அறை காலியாக இருந்தது. பெரிய ரீவி வைக்கலாம் என்று நான் கண் வைத்திருந்தேன். மறுநாள் அதற்குள் மனைவியின் கட்டில் ஏறியிருந்தது. அவள் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவள்.

"பகல் முழுக்க கார்டரியில பிள்ளையளின்ர சத்தம். பின்னேரம் உங்கட சத்தம். எனக்குப் பூட்டுற கதவு ஒண்டு வேணும்."

செய்தி உறவுக்குள் பரவியது. ஞாயிறன்று டோர்வலிலிருந்து அண்ணையும் அண்ணியும் சமாதானம் பேச வந்தார்கள். அண்ணை சப்பாத்தைக் கழற்றுமுன்னரே தொடங்கினார்.

"குடிக்கிறியோ?"

"இல்லை அண்ணை."

"ஏதும் பொம்பிளைத் தொடுப்போ?"

"என்னைப் பாத்துமோ கேக்கிறியள்?"

பார்த்தார். அந்தக் கேள்வியைக் கைவிட்டார்.

"அப்ப ஆர் காரணம்?"

"ஒரு பிரெஞ்சுக்காரி."

அண்ணை கதிரையில் இருந்துவிட்டார். அந்த அம்மையார் எப்போதோ காலமாகிவிட்ட எழுத்தாளர் என்று விளக்கியும் முகம் தெளியவில்லை. மனைவியிடம் திரும்பினார்.

"பிள்ளை, சனம் கதைக்கும். இண்டைக்கே கட்டிலை மாத்து."

"அத்தான், எங்களுக்குள்ள சண்டை இல்லை. இவர் கதைக்கோணும் எண்டால் தட்டுவார். விருப்பமெண்டால் நான் திறப்பன். அவ்வளவுதான்."

அண்ணை என்னைப் பார்த்தார். ரீவிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ஆனால் மனைவி சொன்னது உண்மை. தட்டிவிட்டு நிற்கும்போது, சொல்ல வந்தது சொல்லத்தக்கதுதானா என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. என் பேச்சில் பாதி கதவுக்கு வெளியிலேயே செத்துவிடுகிறது. மிச்சத்தை அவள் சிரித்துக்கொண்டு கேட்கிறாள். கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் இப்படி ஒரு ரசிகை எனக்குக் கிடைத்ததில்லை.

"அறை அவவின்ரதான் அண்ணை. கட்டில் அங்கதான் கிடக்கும்."

"உங்கள் ரெண்டுபேருக்கும் விசர்," என்று எழும்பிய அண்ணை, அண்ணியைத் தேடினார். அறையைப் பார்க்கவென்று உள்ளே போனவர் இன்னும் வரவில்லை. கதவு சாத்தியிருந்தது. அண்ணை பிடியில் கை வைத்தார். அது திறக்கவில்லை.

"தட்டுங்கோ," என்றேன்.