ஓடிப்போகும் கதைகளில் அம்மாக்கள் இல்லை

புதன்கிழமை பின்னேரம் நாலு பத்துக்கு ரியூசன் சேர் போன் எடுத்தார்.

"அக்கா, ஜெனிற்றாவுக்குச் சுகமில்லையோ? வகுப்புக்கு வரேல்ல."

பள்ளிக்கூடம் விட்டு நேரே ரியூசனுக்குப் போவதாகச் சொல்லிப் போன மகள். பதினாறு வயது. அவளுடைய போன் வேலை செய்யவில்லை.

அதன்பிறகு நான் எப்படி இருந்தேன் என்று பிள்ளை பெற்றவர்களுக்கு விளக்கவேண்டுமா? கணவர் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து நானாட்டான் வரை தேடிப்போனார். நான் கேற்றைப் பிடித்தபடி நின்றேன். எங்கள் தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்... மனம் எங்கெல்லாம் போகும்?

இருட்டும் நேரம், கணவர் வெறுங்கையோடு திரும்பிய பிறகு, அவளே பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"எங்கயடி போனனீ?"

"ஒராளைக் கொண்டுபோய் விட்டிட்டு வாறன்."

அந்த ஒராள் அவளுடைய வகுப்புத்தோழி. பெயரும் ஊரும் எழுதமாட்டேன். அடுத்த வாரத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி, முப்பது தாண்டிய ஒருவருக்குக் கட்டிக்கொடுக்கத் தகப்பன் நாள் குறித்துவிட்டார். மாட்டேன் என்றதற்கு அடி. என் மகள் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, ஒரு கன்னியர் மடத்தில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா விட்டிருப்பீங்களோ?"

விட்டிருக்கமாட்டேன்.

"நாளைக்கு அவளின்ர தகப்பன் கத்தியோட வந்து நிண்டா என்ன செய்வாய்?" என்றார் கணவர்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்கள் தந்த புத்தகங்களில எல்லாரும் வீட்டை விட்டு ஓடுகினம். அவையளை ஒருநாளும் ஏசேல்லயே அம்மா."

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் – பழைய சாகச நாவல்கள் என்றால் எனக்கு உயிர். பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பும். ஊர் ஒன்று சொல்லும், மனச்சாட்சி வேறொன்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் தனியே நின்று முடிவெடுக்கும்போது அது வளர்ந்துவிடும். விடுதலை என்பது அதுதான் என்று இங்கேயே எத்தனை தடவை எழுதியிருப்பேன்!

ஆனால் ஒன்று இப்போதுதான் உறைக்கிறது. அந்தக் கதைகளில் அம்மாக்கள் பெரும்பாலும் முதல் அத்தியாயத்துக்கு முன்பே செத்துப்போயிருப்பார்கள். ஏன்? உயிரோடிருந்தால் கேற்றைப் பூட்டிவிடுவார்கள். கதை அங்கேயே முடிந்துவிடும்.

மகள் செய்தது சரி. அதை நான் சொல்லிவிட்டேன்.  என்றாலும், சரியானதைச் செய்த பிள்ளைக்கு ஒன்றும் நடக்காது என்று எந்தக் கதாசிரியர் எனக்கு உத்தரவாதம் தருவார்?

மறுநாள் காலை யாரோ கேற்றைத் தட்டினார்கள். தகப்பன்தான் என்று நினைத்து, எங்களை உள்ளே நிற்கச் சொல்லிவிட்டுக் கணவர் போய்த் திறந்தார்.

வந்தது தோழியின் தாய். தனியாக. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து வந்து குடியேறி, கூலிவேலை செய்பவர். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. உட்காரக் கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"அன்ரி, அவ..." என்று மகள் தொடங்கினாள். அவர் கையை உயர்த்தி மறித்தார்.

"எங்கன்னு எனக்குச் சொல்லாத பாப்பா. தெரிஞ்சா, அவரு அடிக்கிற அடியில சொல்லிப்புடுவேன். போறப்ப ஏதாச்சும் சாப்பிட்டாளா? அத மட்டும் சொல்லு."