ஆலிவ் தோப்பில் ஓர் அடி

சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள், ஸ்பெயினின் தெற்கே அந்தலூசியாவுக்கு எங்களை அழைத்துப் போனாள். அரண்மனைகளையும் வெள்ளை வீடுகள் நிறைந்த மலை ஊர்களையும் பார்த்தேன். ஆனால் என் கை துறுதுறுத்தது ஆலிவ் தோப்பில்தான். நீளக் கம்பால் கிளைகளை அடித்து, கீழே விரித்த வலையில் காய்களை உதிர்த்தார்கள். நான் ஊரில், பாலோ தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் வெட்டுபவன். அந்தக் கம்பைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

“கேக்கட்டுமாப்பா?” என்றாள் மகள்.

“வேணாம்லா.”

“நீ கேளு. இல்லன்னா வீடு போற வரைக்கும் என்கிட்டதான் புலம்புவாரு,” என்றாள் மனைவி.

கம்பு கைக்கு வந்தது. ஓர் அடி அடித்ததும் பழக்கத்தில் பின்னால் பாய்ந்தேன். எங்கள் குலை தலையில் விழுந்தால் ஆள் பிழைக்கமாட்டான். இங்கே காய்கள் தூறலாக விழுந்தன. எல்லோரும் சிரித்தார்கள்.

“அலமாக், இதுக்கா இந்த ஓட்டம்?” என்றாள் மனைவி.

எனக்கும் சிரிப்பு வந்தது. மறுபடி அடித்தேன். இம்முறை நகரவில்லை, காய்கள் என் தோளில் விழுந்தன.