பதினைந்து மணி

எனக்குக் கிடைக்க இருந்த நிரந்தர வேலையை இல்லாமல் ஆக்கியது நீங்கள்தான். துறைமுகத்துப் பெரிய வாசலில் கறுப்புப் பலகை வைத்து, அதில் நேரத்தை உங்களுக்கு விளங்கினால் போதும் என்று எழுதிய அதிகாரி நீங்கள். பெயர் எழுத மாட்டேன். திருகோணமலைக்கே தெரியும்.

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப்போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு நான் அங்கே நாட்கூலிக்குச் சேர்ந்தேன். கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற வேலை. கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. எங்களுக்கு நேரம் சொன்னது சங்கு. காலையில் ஊதினால் உள்ளே போவோம். மத்தியானம் ஊதினால் சோறு. பின்னேரம் ஊதினால் வீடு. மணிக்கூடு கட்டியவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். அந்த மணிக்கூடுகளிலும் பன்னிரண்டுக்கு மேல் இலக்கம் கிடையாது.

நீங்கள் வந்த கிழமையே பலகையும் வந்தது. பதின்மூன்று, பதினேழு என்று வெண்கட்டியால் எழுதினீர்கள். எங்களுக்குப் பகிடியாக இருந்தது.

"துரைக்கு ஒரு நாளைக்கு இருபத்திநாலு மணி, எங்களுக்குப் பன்னிரண்டு. மிச்சத்தை ஆர் களவெடுத்தது?" என்று கேட்பார் என்னோடு பெட்டி தூக்கிய கிண்ணியா ஊர் மூத்தவர். காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

அவரே ஒரு வழியும் சொன்னார். முன்னால் நிற்கிற ஒன்று என்ற இலக்கத்தைத் தட்டிவிட்டு மிச்சத்தைப் படிக்க வேண்டியதுதானாம். எல்லோரும் அப்படித்தான் படித்தோம். அது பிழை என்று யாருக்கும் தெரியவரவில்லை. பலகை என்ன சொன்னாலும் நாங்கள் போனதும் வந்ததும் சங்குக்குத்தானே.

பிறகு ஒரு நாள், நாட்கூலிக்காரரை நிரந்தரமாக்கப் பெயர் பதிவதாக அதே பலகையில் அறிவித்தீர்கள். நாளை, 15.00. அந்த நாளில் கப்பல் இல்லை. கப்பல் இல்லாத நாளில் எங்களுக்குச் சங்கும் இல்லை. நிரந்தரம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். கப்பல் வராத மாதத்திலும் வீட்டில் உலை கொதிக்கும். அவ்வளவுதான்.

நாங்கள் கேளாமலும் விடவில்லை. உங்கள் கிளாக்கரிடம் காக்கா போய்க் கேட்டார்.

"தம்பி, இது பின்னேரமோ?"

"ஓம், பின்னேரம்தான். போட்டிருக்கெல்லோ."

அவன் தலையைத் தூக்கவே இல்லை. பொய்யும் சொல்லவில்லை. பின்னேரம் எத்தனை மணி என்று எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஐந்து என்றுதான் பலகையில் எங்கள் கண்ணுக்குத் தெரிந்ததே.

அடுத்த நாள் மனைவி என் சேட்டைத் தோய்த்து, அயன் போட்டுத் தந்தாள்.

"சங்கு ஊதினால்தான் அசைவன் எண்டு நிக்காமல் வெள்ளெனப் போங்கோ."

வெள்ளெனத்தான் போனோம். ஐந்து அடிக்க முன்னமே வாசலில் நின்றோம். பேர் பதிகிற உங்கள் கந்தோர்க் கதவு பூட்டிக் கிடந்தது. நீங்கள் ஜீப்பில் ஏற வந்தீர்கள்.

"ஐயா, பேர் பதிய வந்தனாங்கள்," என்றேன்.

நீங்கள் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தீர்கள். "அதெல்லாம் முடிஞ்சுது. அஞ்சு மணிக்கு வந்து நிண்டு என்ன கதை?"

"அஞ்சு எண்டுதானே ஐயா போட்டிருக்கு," என்றார் காக்கா.

"பதினஞ்சு எண்டால் மூண்டு. இதுகூடத் தெரியாத உங்களை எப்பிடி நிரந்தரமாக்கிறது?"

"அப்ப இப்ப உங்கட பலகைக்கு எத்தினை மணி?" என்று நான் கேட்டேன்.

நீங்கள் விரலை மடித்தீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய அதிகாரி, விரல் மடித்து எண்ணித்தான் பதினேழைக் கண்டுபிடித்தீர்கள். சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனீர்கள்.

பதிந்தவர்கள் மட்டும் பலகையைச் சரியாகப் படித்தவர்களா? அவர்கள் வேறு வேலை இல்லாமல் மத்தியானத்திலிருந்து வாசலில் குந்தியிருந்தவர்கள். கதவு திறந்தது, போனார்கள்.

மறுநாளும் வந்து கெஞ்சினோம். கொழும்புக்கு அனுப்பியாகிவிட்டது, ஏலாது என்றீர்கள். காக்கா அதோடு துறைமுகத்துப் பக்கமே வரவில்லை. நான் முதுகு முறியும்வரை நாட்கூலியாகவே பெட்டி தூக்கினேன். இப்போது என்னால் ஒரு வாளி தண்ணீர் தூக்க முடியாது. ஓய்வூதியம் இல்லை. இனி யாரும் என் பெயரைப் பதியப் போவதில்லை. மனைவி அடுத்த வீடுகளில் மாவிடிக்கிறாள். இதில் மாறுவதற்கு ஒன்றுமில்லை.

நீங்கள் ஓய்வு பெற்று, மாலை போட்டு அழைக்கப்படுகிற ஆளாகிவிட்டீர்கள். என் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில், நேரத்தை மதியாதவன் உருப்பட மாட்டான் என்று பேசினீர்கள். மகள் பக்கத்தில் நான் இருந்தேன். உங்கள் பெயர் போட்ட அழைப்பிதழில் விழா பிற்பகல் மூன்று மணிக்கு என்று இருந்தது. பதினைந்து என்று இல்லை.

வருகிற வருடமும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். நானும் வருவேன். அந்த ஒலிபெருக்கியிலேயே, அந்தப் பிள்ளைகளுக்கும் தாய் தகப்பன்மாருக்கும் முன்னால் பதில் சொல்லுங்கள். அன்று அந்தப் பலகையில் மூன்று என்று எழுத உங்களுக்கு என்ன வந்தது?