இறங்கிக்கொண்டே போன கோடு

பள்ளியில் அவளுக்குக் குழாய் டீச்சர் என்றுதான் பெயர். எங்கே ஒரு குழாய் சொட்டினாலும் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய் மூடுவாள். பதினோரு வருஷமாக அறிவியல் நடத்துகிறாள். பட்டப்பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

இந்த வருஷம் ஆறாம் வகுப்புக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்தாள். அவர்கள் கட்டடத்துக்குத் தனித் தண்ணீர் மீட்டர். அதைப் பிள்ளைகளே காலையும் மாலையும் பார்த்து, எத்தனை லிட்டர் செலவு என்று சுவரில் ஒட்டிய வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். கோடு இறங்கினால் வெற்றி. மாதக் கடைசியில் கல்வி அதிகாரி வருவார். அவருக்குப் பிடித்துவிட்டால் எல்லாப் பள்ளியிலும் இதுதான் பாடம்.

முதல் வாரம் தேய்ந்த வாஷர்களை மாற்றினார்கள். கோடு இறங்கியது. இரண்டாம் வாரம் சோப்புப் போடும்போது குழாயை மூடப் பழகினார்கள். இன்னும் இறங்கியது. மூன்றாம் வாரம் மிச்சம் பிடிக்க ஒன்றுமே இல்லை. கோடோ நிற்கிற வழியாக இல்லை. டீச்சருக்குக் காரணம் புரியவில்லை. இறங்குகிறதே என்று கவலைப்பட்ட முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

பிளம்பரை வரவழைத்தாள். அவர் ஒரு வாளி தண்ணீர் பிடித்து அளந்து பார்த்தார்.

"மீட்டர் மேல ஒரு குத்தமும் இல்லைங்க. நல்ல சேதிக்குப் போய் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

வீட்டில் கணவர் கேலி செய்தார். "ஏறினாலும் அழறே, இறங்கினாலும் அழறே. உன்னை என்னதான் பண்றது?"

ஆனாலும் மனசுக்குள் ஏதோ இடித்தது. கழிப்பறை கழுவும் அக்கா வேறு வந்து, "உங்க பசங்க பக்கம் மட்டும் தரை காஞ்சே கெடக்கு டீச்சர். எனக்கு வேலை மிச்சம்தான், ஆனா ஏன்னுதான் தெரியல" என்று குழப்பத்தைக் கூட்டிவிட்டுப் போனாள். மதியத்துக்கு மேல் வகுப்பில் ஒருவரும் ஒழுங்காக உட்காருவதில்லை, நெளிந்துகொண்டே இருந்தார்கள். தன் பாடம் அவ்வளவு அறுவையா என்று அவள் வருத்தப்பட்டது தனிக்கதை.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள். மீட்டர் பார்க்கும் பொறுப்பு கணக்குப்புலி என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பொடிப்பெண்ணுக்கு. புள்ளி வைக்க எழுந்தவள், வைக்காமலே சரிந்து விழுந்தாள். டீச்சர் பதறிப்போய் அவளை மடியில் சாய்த்து, டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பெண் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"வேணாம் டீச்சர். கோடு ஏறிடும்."

"என்னடி சொல்ற?"

"தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். போனா ஊத்தணும். அதான் நாங்க யாரும் குடிக்கறதே இல்ல. எல்லாம் வீட்டுக்குப் போய்த்தான்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்திரண்டு பேரும் பெருமையாகத் தலையாட்டினார்கள். வீணாக்காதே, வீணாக்காதே என்று ஓயாமல் சொன்னவள், எது வீண் இல்லை என்று ஒருநாளும் சொல்லவில்லையே!

"எல்லாரும் எழுந்திருங்க. போய்க் குடிங்க. பாத்ரூம் போங்க. நல்லா ஊத்திட்டு வாங்க."

ஒருவரும் நகரவில்லை. குழாய் டீச்சர் வாயிலிருந்தா இப்படி என்று திருதிருவென விழித்தார்கள். அவளே ஒரு டம்ளரை மடக்மடக்கென்று குடித்துக் காட்டிய பிறகுதான் ஓட்டம் பிடித்தார்கள்.

மறுநாள் அதிகாரி கோட்டின் கடைசிப் புள்ளியில் விரலை வைத்தார்.

"இவ்வளவு அழகா இறங்கி வந்துட்டு, நேத்து மட்டும் ஏன் இப்படி ஏறியிருக்கு?"

எங்கிருந்து தொடங்குவது என்று டீச்சர் தடுமாறுவதற்குள் கணக்குப்புலி எழுந்துவிட்டாள்.

"நேத்துதான் சார் நாங்க தண்ணி குடிச்சோம்."