பொடி கலந்த சோறு

சந்தைக்குப் பின்னால் உள்ள கடை வரிசையில் என் சாவிக் கடைக்கு அடுத்தது தராசு ரிப்பேர்க் கடை. அதை நடத்துகிறவரைத் தராசுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஐம்பத்திரண்டு வயது. எந்தத் தராசு வந்தாலும் கழற்றிச் சுத்தம் செய்து, எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பார். ஒரு கிராம் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து கழற்றுவார். அதிகம் பேச மாட்டார். பேசினால் அதில் முக்கால்வாசி அவர் வீட்டு நாயைப் பற்றியதாக இருக்கும்.

நாயின் பெயர் குண்டு. குட்டியாக வந்தபோது பந்து மாதிரி உருண்டதால் அவர் மனைவி வைத்த பெயர். அந்த அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறார். பிள்ளைகள் இல்லாத வீடு.

குண்டுவுக்கு மூன்று வயதானபோது என்னவோ ஆயிற்று. எவ்வளவு போட்டாலும் தின்றது, தின்னத் தின்ன இளைத்தது. நாளைக்கு ஐந்தாறு தடவை மஞ்சளாகக் கூழ் மாதிரிப் போனது. தெருவோடு போகிறவர்கள் நின்று, நாய்க்குச் சோறு போடுவதில்லையா என்று கேட்டார்கள். "குண்டு" என்று கூப்பிட்டால் சிரித்தார்கள். வெளியே கூட்டிப் போனால் பெயர் சொல்லிக் கூப்பிடவே கூச்சமாக இருந்தது என்றார்.

பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், பாலை நிறுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. நான்காவதாகப் பார்த்த கால்நடை டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். அவர்தான் ரத்தம் எடுத்து அனுப்பி, ஒரு வாரம் கழித்து இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். குண்டுவின் கணையம் செரிமானச் சாற்றைச் சுரக்கவில்லை. தின்பது உடம்பில் ஒட்டாமல் வெளியே போய்விடுகிறது. வயிறு முட்டத் தின்றும் அது பட்டினிதான் கிடக்கிறது. இதற்குக் குணம் கிடையாது, ஆனால் சமாளிக்கலாம். ஆயுசு முழுக்க ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் என்சைம் பொடி கலக்க வேண்டும், கொழுப்பு ஆகாது, இப்போதைக்கு வாரம் ஒரு பி12 ஊசி. பொடி படாத எதுவும் வாய்க்குள் போகக் கூடாது.

"ஒரு பிஸ்கட்கூட வேண்டாம் சார்" என்றாராம் டாக்டர். "பாவம்னு பாத்தீங்கன்னா அதுதான் பாவம்."

அன்றிலிருந்து தராசுக்காரர் குண்டுவின் சமையல்காரர் ஆனார். தோல் நீக்கிய கோழிக்கறியை வேகவைத்து, குழைந்த சோற்றோடு பிசைந்து, கிராம் கணக்கில் நிறுத்து, சூடு ஆறிய பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துப் பொடியைக் கலப்பார். சூட்டில் கலந்தால் பொடி வீணாகிவிடும். கலந்த பிறகு இருபது நிமிஷம் ஊற வேண்டும். அந்த இருபது நிமிஷமும் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க, நாய் எதிரே நின்று அழும். கடையிலிருந்து ஒரு பெரிய மேடைத் தராசை வீட்டுக்கே கொண்டுபோய், ஞாயிற்றுக்கிழமை தோறும் குண்டுவை ஏற்றி நிறுத்தார். பதினாலு கிலோ ஐந்து மாதத்தில் இருபத்தொன்று ஆனது.

"இன்னைக்குக் கெட்டியா போச்சுங்க" என்று காலையில் கடை திறக்கும்போதே முகமெல்லாம் மலர்ந்து சொல்வார். நான் கையில் டீ கிளாஸோடு நிற்பேன். சந்தோஷமான விஷயம்தான், எனக்கு டீதான் இறங்காது.

இந்த நேரத்தில்தான் அவருடைய மச்சினன் வந்து சேர்ந்தார். மனைவியின் தம்பி, லாரி டிரைவர். லோடு இறக்கும்போது கால் முறிந்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. மூன்று மாதம் அக்கா வீட்டில்தான் படுக்கை. கலகலப்பான ஆள். படுத்த இடத்திலிருந்தே வீட்டைச் சிரிக்க வைப்பார்.

இரண்டே வாரத்தில் குண்டு அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. பகல் முழுக்க மாவுக்கட்டின்மேல் தாடையை வைத்துக்கொண்டு கிடக்கும். முன்பெல்லாம் தராசுக்காரர் வீடு திரும்பினால் வாசலுக்கு ஓடி வரும். இப்போது தலையைத் தூக்கிப் பார்த்து, வாலை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"ரெண்டே தட்டுங்க" என்று விரலைக் காட்டினார் என்னிடம். "சமைக்கிறது நான். ஊசி போடக் கூட்டிட்டுப் போறது நான். அவரு படுத்துக்கிட்டே பேர் வாங்கிட்டாரு."

அவருக்கு வயிறு எரிந்தது. மச்சினன் எதையோ திருட்டுத்தனமாகக் கொடுத்துத்தான் நாயை மயக்கியிருக்கிறார் என்று முடிவு கட்டினார். வீட்டில் ஜாடையாகப் பேச ஆரம்பித்தார். ஒருத்தர் கஷ்டப்பட்டுக் கட்டுவதை இன்னொருத்தர் உட்கார்ந்த இடத்திலேயே இடிக்கிறார் என்று சுவரைப் பார்த்துச் சொல்வாராம். மச்சினன் கேட்டும் கேட்காதவர் மாதிரி இருந்துவிடுவார்.

அதோடு நிற்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று குண்டுவை மெல்லக் கூப்பிட்டு ஒன்றைக் கொடுத்தார். மறுநாளும் கொடுத்தார். மூன்றாம் நாள் அவர் தெருமுனை திரும்பும்போதே குண்டு கேட்டருகில் வந்து நின்றது. அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் டாக்டர் சொன்னது பின்னுக்குப் போய்விட்டது. ஒரு பிஸ்கட் என்ன செய்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது.

அடுத்த ஞாயிறு தராசில் அரைக் கிலோ குறைந்தது. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் ஒரு கிலோ. மறுபடி கூழாகப் போக ஆரம்பித்தது. அவ்வளவும் மச்சினன் வேலை என்று உறுதியாக நம்பினார். ஒரு கிராம் பிசகைக் கண்டுபிடிக்கிற மனிதர், தன் சட்டைப் பையை மட்டும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஒருநாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்பக்கமாக வீட்டுக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மச்சினன் கட்டிலில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குண்டு எதிரே உட்கார்ந்து எச்சில் ஒழுகப் பார்த்துக்கொண்டிருந்தது. மச்சினன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாக்காதடா. நீ பாத்தா எனக்குச் சோறு எறங்காது. அத்தான் பொடி போட்டுத் தருவாரு, அதுவரைக்கும் பொறுத்துக்க."

குண்டு பெருமூச்சு விட்டு, அவர் காலடியில் சுருண்டு படுத்தது.

எலும்பும் கையுமாக அவரைப் பிடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் என்றார் தராசுக்காரர். ஒன்றுமே கொடுக்காத ஆளிடம் நாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. சோறும் போடாமல் ஒருத்தர் பிரியத்தைச் சம்பாதித்தால் அவரை என்ன சொல்லித் திட்டுவது?

பின்கட்டு வழியாக உள்ளே போனார். மனைவி மிஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"என்ன பாத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல."

"அவன் குடுக்க மாட்டான். ஒரு வாரமா உங்க சட்டைப் பையில எறும்பு மொய்க்குது. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

தராசுக்காரர் பையை வெளியே இழுத்துப் பிஸ்கட் தூளை உதறினார். அன்று சாயங்காலமே டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. கொஞ்ச வேண்டும் என்று தோன்றினால், பொடி கலந்து ஊறிய சோற்றிலிருந்தே ஒரு உருண்டை எடுத்துக் கையில் வைத்து ஊட்டச் சொன்னார். பிஸ்கட் நின்றது. குண்டு மூன்று நாள் கேட்டருகில் வந்து அவர் பையை முகர்ந்து பார்த்தது. நாலாம் நாள் வரவில்லை.

அந்த மாதம் தராசுகளுக்கு அரசு முத்திரை வாங்கும் வேலையாக அவர் மூன்று நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. மனைவிக்குக் கல்யாணத் துணிகள் குவிந்து கிடந்தன. வேறு வழியில்லாமல் பொடி டப்பாவை மச்சினனிடம் கொடுத்தார். கரண்டியை மட்டமாகத் தட்டி அளக்க வேண்டும் என்று நாலு தடவை சொன்னார். ஜாடைப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கும் ஆள் இல்லை அவர். டப்பாவைக் கொடுத்ததே மன்னிப்பு என்று மச்சினன் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. மாவுக்கட்டை நீட்டியபடி தரையில் உட்கார்ந்து கலந்திருக்கிறார்.

திரும்பி வந்து நிறுத்தபோது குண்டு இருநூறு கிராம் ஏறியிருந்தது.

"எறங்கியிருந்தாலும் கஷ்டம். ஏறினதும் கஷ்டமா இருக்குங்க" என்றார் என்னிடம்.

கட்டுப் பிரித்து, நடை பழகி, மச்சினன் லாரிக்குத் திரும்பினார். அன்று குண்டு சாப்பிடவில்லை. மறுநாள் காலையும் சாப்பிடவில்லை. கலந்து ஊறிய சோறு கிண்ணத்தோடு காய்ந்தது. உருண்டை பிடித்து ஊட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மத்தியானம் தராசுக்காரரே மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, ஒரு வார்த்தை பேசு. சாப்பிட மாட்டேங்குறான்."

போனை நாயின் காதில் வைத்துப் பிடித்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, குண்டு எழுந்து போய்க் கிண்ணத்தை நக்கித் துடைத்தது.

"எரிஞ்சுதுங்க" என்றார் மறுநாள். "ஆனா கிண்ணம் காலி."

இப்போது குண்டு இருபத்திமூன்று கிலோ. பெயருக்கு ஓரளவு நியாயம் செய்கிறது. மாதம் ஒருமுறையாவது வரும்படி தராசுக்காரரே போன் செய்து மச்சினனைக் கூப்பிடுகிறார். அவர் வருகிற நாளில் மட்டும் கடையை ஒரு மணி நேரம் தாமதமாகச் சாத்துவார். லாரிச் சத்தம் கேட்டதும் குண்டு துள்ளிக்கொண்டு ஓடுவதைப் பார்க்க அவருக்கு இன்னும் மனம் வரவில்லை.