வடக்கு மூலையில் கட்டிய நார்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் அன்று எங்கள் புது வீட்டுத் தோட்டத்தில் நின்று அவருக்கு விடை கொடுத்தீர்கள். அந்தத் தோட்டத்தைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

அப்பா மேகமலையில், தேயிலை எஸ்டேட்டின் லயன் வீடொன்றில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் மலையை விட்டு இறங்கி, உத்தமபாளையம் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் கூலிக்குச் சேர்ந்தார். பள்ளிக்கூடத்துக்குள் அவர் முதன்முதலில் நுழைந்தது என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். அதற்கும் புது வேட்டி வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று அம்மா சொல்வார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். தாவரவியலில் முதுகலை முடித்து இன்று கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அதில் எனக்கு இருக்கும் பெருமையை மறைக்க விரும்பவில்லை. அப்பாவுக்கு என்னைவிடவும் பெருமை.

திராட்சையில் கவாத்து வெட்டும் பருவம் வந்தால், ஆட்கள் இறங்குவதற்கு முன் அப்பா தனியாகப் பந்தலுக்கு அடியில் அண்ணாந்தபடி ஒரு நடை நடப்பார். குருவி கூடு கட்டியிருக்கும் கொடியில் ஒரு வாழைநாரை முடிந்து வைப்பார். நார் கட்டிய கொடியை யாரும் வெட்டக் கூடாது. குஞ்சு பறந்த பிறகு அவரே போய், கூலி வாங்காமல் அதை வெட்டிக் கொடுப்பார். தோட்டக்காரர் ஒருவர், “நான் திராட்சைக்குப் பந்தல் போட்டேனா, குருவிக்குப் போட்டேனாய்யா?” என்று கத்தியதை நான் கேட்டிருக்கிறேன். அப்பா சிரித்துக்கொண்டே, “ரெண்டுக்கும்தான் முதலாளி” என்றார். மறுவருஷமும் அந்தத் தோட்டத்துக்கு அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். எங்கள் அத்தை மட்டும் விடாமல் கேலி செய்வார். “ஏலே, பொண்டாட்டி பிள்ளை பெத்தப்ப எட்டிப் பாக்கல. குருவிக்குப் பேறுகாலம் பாக்குறியாக்கும்.”

சிறுகச் சிறுகச் சேர்த்து அப்பா வாங்கிய இடத்தில்தான் நான் வீடு கட்டினேன். வீட்டுக்குப் பின்னால் வடக்கு மூலையில் சங்கம் செடியும் கோவைக்கொடியும் பின்னிக்கொண்டு ஒரு புதர் இருந்தது. பால் காய்ச்ச நாள் குறித்த பிறகு அப்பாவுக்கு மூச்சுத்திணறல் கூடி, தேனியில் மருத்துவமனையில் சேர்த்தோம். சேர்த்த மறுநாளே என்னிடம் சொன்னார்.

“தாயி, வடக்கு மூலைல செம்போத்து கூடு வச்சிருக்கு. நார் கட்டிட்டு வந்தேன். குஞ்சு பறக்குற வரைக்கும் அங்கன கை வைக்க வேண்டாம்.”

“சரிப்பா.”

“மறந்துற மாட்டியே?”

“நான் பாத்துக்கிறேம்பா. நீங்க பேசாமப் படுங்க.”

நான் மறக்கவில்லை. என் கல்லூரியிலிருந்து ஆசிரியர்கள் எல்லாரும் பால் காய்ச்சுக்கு வருவதாக இருந்தார்கள். புதிய வீட்டுக்குப் பின்னால் காடு மாதிரி ஒரு புதர் நிற்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பாவுக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன். பொக்லைன் இயந்திரத்தை வரச் சொன்னேன்.

ஓட்டுநர் மற்ற இடமெல்லாம் சமப்படுத்திவிட்டு, வடக்கு மூலைக்கு வந்ததும் இயந்திரத்தை நிறுத்தி இறங்கினார். “அக்கா, நார் கட்டியிருக்காக. எங்கப்பாவும் பந்தல் வேலைதான். உள்ள கூடு இருக்கும் போல. இதை இன்னொரு நாள் வந்து தள்ளித் தரட்டா?”

“தெரியும். நீங்க தள்ளுங்க” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏறி இயந்திரத்தைக் கிளப்பினார்.

புதர் சாய்ந்தபோது பந்து போன்ற இலைக்கூடு உருண்டு வந்தது. கறுத்த உடம்பில் நரைமுடி போல வெள்ளை முடியோடு இரண்டு குஞ்சுகள். ஓட்டுநர் அவற்றை எடுத்து மாமரத்தடியில் கூட்டோடு வைத்தார். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது கூடு மட்டும் கிடந்தது. வாயில் ஓணானைக் கவ்விக்கொண்டு ஒரு செம்போத்து, சமப்படுத்திய மண்ணில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தது. அந்தப் புதரில் இருந்த ஒவ்வொரு செடிக்கும் எனக்கு அறிவியல் பெயர் தெரியும்.

அதன் பிறகு அப்பா தினமும் கேட்டார். முதல் இரண்டு நாள், “இன்னும் இல்லப்பா” என்றேன். மூன்றாம் நாள் கேட்டபோது, “பறந்துருச்சுப்பா” என்று சொல்லிவிட்டேன்.

“எத்தனை?”

“ரெண்டு.”

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே செவிலியரை அழைத்து, “எங்க தோட்டத்துல ரெண்டு செம்போத்துக் குஞ்சு பறந்துருச்சும்மா. எம்மக காவல் காத்து அனுப்பிருக்கா” என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பால் காய்ச்சும் நாளுக்கு முன்பே அப்பா போய்விட்டார். பால் காய்ச்சாத வீடென்றாலும் அவர் வாங்கிய இடம் என்று, அவரைக் கொண்டுவந்து கிடத்தியது அந்த வடக்கு மூலையில்தான். அங்கேதான் பந்தல் போட இடம் இருந்தது. வந்தவர்களில் சிலர், “இடத்தை நல்லாச் சுத்தமா வச்சிருக்காக” என்று சொன்னது என் காதில் விழுந்தது. நல்ல எண்ணத்தில் சொன்னீர்கள். என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்பாவிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் முடியாது. அதனால் அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன். இந்த ஒரு வருடமாக அந்த மூலையில் யாரையும் கை வைக்க விடவில்லை. கோவைக்கொடி மறுபடி ஏறியிருக்கிறது. செம்போத்து இன்னும் வரவில்லை. போன வாரம் மாமா, திதிக்கு நாலு பேர் வரும் இடமாயிற்றே என்று அரிவாளோடு வந்தார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். நீங்களும் அன்று வரும்போது அந்தப் பக்கம் செருப்புகூட விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவின் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாதபோது சோறு கொண்டுவந்த தெருவினருக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த பந்தல் வேலைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அந்த இயந்திர ஓட்டுநர். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. அப்பா கட்டிய நாரைப் பார்த்ததும் இறங்கி நின்று கேட்டவர் அவர். தம்பி, இது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள். அப்பாவின் மகள் செய்திருக்க வேண்டியதை அன்று நீங்கள்தான் செய்தீர்கள்.