பொட்டு வைத்த கிராபிக்ஸ் கார்டு

கிராபிக்ஸ் கார்டு பற்றிப் பெண்கள் பேசக்கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. ஆனால் இரண்டாயிரத்து நாலு வாக்கில் எங்கள் ஊரில் பலபேர் அப்படி ஒரு சட்டம் இருப்பதுபோலவே நடந்துகொண்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, நான் மதிக்கவும் இல்லை.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் அப்போது எனக்கு வேலை. தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். காலையில் வெள்ளைக்காரர்கள் மெயில் பார்க்க வருவார்கள். மதியத்துக்கு மேல் காலேஜ் பசங்கள் கேம் விளையாட வருவார்கள். மொத்தம் எட்டு மெஷின். திறந்து தூசி தட்டுவது, பழுதான பார்ட்டை மாற்றுவது எல்லாம் நான்தான். பச்சைக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர் ஒன்று என் டிராயரில் இருக்கும். அதை வேறு யாரும் தொட விடமாட்டேன்.

ஓனருக்கு கம்ப்யூட்டர் தெரியாது. அதை அவரே சொல்லிவிடுவார், நல்ல மனுஷன். அவருடைய மச்சானுக்கும் தெரியாது. ஆனால் அவர் சொல்லமாட்டார். தினமும் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு யோசனை வழங்குவார்.

எல்லா கேமும் எல்லா மெஷினிலும் ஓடாது என்பதைப் பசங்களுக்குப் புரியவைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. சீட்டாட்டம் ஓடுகிற மெஷினில் சண்டை கேம் ஏன் நொண்டுகிறது என்று கேட்பார்கள். ஒருநாள் கோபத்தில் அட்டை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கேமும் மெஷினின் கிராபிக்ஸை, அதாவது திரையில் படம் வரைகிற பாகத்தை, எவ்வளவு வேலை வாங்குகிறது என்று மூன்று பிரிவாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். சீட்டாட்டம், செங்கல் உடைக்கிற ஆட்டம் எல்லாம் கோயில் பிரகாரம்; யாரும் சுற்றிவிடலாம். கிரிக்கெட்டும் கார் ரேஸும் கிரிவலம். கால் வலிக்கும், ஆனால் போய்ச் சேரலாம். காட்டுக்குள் துப்பாக்கியோடு அலைகிற அந்தப் புது கேம் மட்டும் மலை ஏறுவது. அதில் ஒவ்வொரு இலையும் தனியாக அசையும், தண்ணீரில் வானம் தெரியும். போர்டோடு சேர்ந்து வருகிற சாதாரண கிராபிக்ஸ் அதைத் தூக்கவே தூக்காது.

அந்த ஒரு கேமுக்காக எட்டாம் நம்பர் மெஷினுக்குத் தனி கார்டு வேண்டும் என்று ஓனரிடம் நான்தான் அடம்பிடித்தேன். எந்த கார்டு என்பதையும் நானே சொன்னேன். மெட்ராஸிலிருந்து வந்தது. போட்டதும் காடு அப்படியே உயிரோடு அசைந்தது. பசங்கள் எட்டாம் நம்பருக்கு வரிசையில் நின்றார்கள். மச்சான் மட்டும், "எத்தினி நாளைக்குனு பாப்போம்" என்றார்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. மெஷின்களை எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தோம். புது வண்டி வாங்கினால் அதற்குத் தனி மரியாதை உண்டல்லவா? அதுபோல் அந்த கார்டைக் கழற்றி, வாழையிலை போட்டு, ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில் வைத்துப் பூஜை செய்தோம். மறுநாள் காலையில் திரும்ப மாட்டினேன்.

அன்றைக்கே தகராறு. காட்டு கேமைத் தொடங்கி ஐந்து நிமிஷத்தில் திரையெங்கும் கலர் கலராகப் புள்ளி வந்து மெஷின் அப்படியே உறைந்து நின்றது. மறுபடி போட்டால் மறுபடியும் அதே கதை. மச்சானுக்கு அன்றுதான் தீபாவளி.

"நான் சொன்னேன்ல? டூப்ளிகேட் கார்டு. பொம்பளைங்களுக்கு என்னா தெரியும் இதெல்லாம்? என் ஃப்ரெண்டு இருக்கான், அவன்கிட்ட விட்டா நல்லதா ஒண்ணு போட்டுக் குடுப்பான்."

ஓனர் என்னைப் பார்த்தார். "சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பாரும்மா. சரியாவலைனா கார்டைக் கழட்டிடு. நாளையிலேர்ந்து நீ மெயில் டேபிளை மட்டும் பாத்துக்க. மெஷினுங்கள மச்சான் பாத்துக்கட்டும்."

மச்சான் கையை நீட்டினார். ஸ்க்ரூடிரைவரைக் கேட்கிறார்! அஞ்சு மணி இன்னும் ஆகவில்லை என்று சொல்லி டிராயரைச் சாத்தினேன்.

சுவரில் இருந்த அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டேன். முதலில் சீட்டாட்டம். ஒரு மணி நேரம் ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. அடுத்து கார் ரேஸ். அரை மணியில் புள்ளி வந்தது. மெஷினை ஆறவிட்டுக் காட்டு கேமைப் போட்டேன். அதே ஐந்து நிமிஷம். டூப்ளிகேட் கார்டாக இருந்தால் அட்டையின் வரிசையைப் பார்த்தா பழுதாகும்? வேலை ஜாஸ்தியானால் சீக்கிரம் விழுகிறது, கம்மியானால் தாங்குகிறது. அப்படியென்றால் சூடு.

மெஷினின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். கார்டில் இருக்கிற குட்டி விசிறி கீழே பார்த்துத்தான் இருக்கும், நின்றபடி பார்த்தால் தெரியாது. தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்து அண்ணாந்து பார்த்தேன். விசிறி சுற்றவில்லை. கரன்ட்டை அணைத்துக் கார்டை உருவினேன்.

விசிறியின் நட்ட நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஈரச் சந்தனம் இடுக்கில் இறங்கி, காய்ந்து, விசிறியைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. வைத்தது நான். நல்ல பெரிய பொட்டாக வைத்தேன், ஆசை கார்டு என்பதற்காக.

யாரும் பார்க்கவில்லை. துப்பட்டாவில் துடைத்துவிட்டு லூஸ் கனெக்‌ஷன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிடலாமா என்று நினைத்தது உண்மை. ஆனால் யாருக்குப் பயந்து? என் அட்டைதான் பழுதைக் காட்டிக்கொடுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஊக்காலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் சுரண்டி எடுத்தேன். விரலால் தட்டினேன், விசிறி சுற்றியது. மாட்டி, காட்டு கேமைப் போட்டு, பசங்களில் ஒருத்தனை உட்காரவைத்தேன். அரை மணி ஆயிற்று. முக்கால் மணியும் ஆயிற்று. இலைகள் அசைந்துகொண்டே இருந்தன. அஞ்சு மணிக்கு ஓனர் வந்தார், பின்னாலேயே மச்சான்.

"என்னாம்மா பிரச்சன?"

"விசிறியில சந்தனம் காஞ்சி போயி நின்னுடுச்சிண்ணே. வச்சது நான்தான்."

"அப்ப ஒன்னாலதான்!" என்று மச்சான் குதித்தார். "பொம்பள கைய வச்சா இப்டித்தான்."

"ஆமா, வச்சது நான். எதனாலனு கண்டுபுடிச்சதும் நான், சரி பண்ணதும் நான். நீங்க வேற கார்டு வாங்கியிருந்தாலும் அடுத்த பூஜைக்கு அதுக்கும் பொட்டு வச்சிருப்போம், அதுவும் நின்னிருக்கும். அப்ப என்னா பண்ணியிருப்பீங்க? மூணாவதா ஒண்ணு வாங்குவீங்களா?"

பசங்கள் சிரித்துவிட்டார்கள். ஓனர் குனிந்து எட்டாம் நம்பர் திரையைப் பார்த்தார். பிறகு, "அட்டையை மறுபடியும் செவுத்துல ஒட்டிடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு ஓனரம்மா, "கார்டுக்கு மட்டும் வேணாமேம்மா" என்றார். அதெப்படி? வருஷம் முழுக்க மலை ஏறினது அதுதான். கழற்றி, துடைத்து, இலையில் வைத்தேன். அந்த வருஷம் சந்தனக் கிண்ணம் மச்சான் கையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர் கார்டுக்கு முன்னால் வந்ததும் விரலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்.

"எங்க வைக்கட்டும்?" என்று என்னைக் கேட்டார்.

ஓரத்துத் தகட்டில், விசிறிக்கு எட்டாத இடத்தை, ஸ்க்ரூடிரைவர் நுனியால் காட்டினேன்.